லட்சணமும் ஆசையும்

பிள்ளை உறங்காவில்லிதாசர் கதையை உபன்யாசகர்கள் பெரும்பாலும் ஸ்ரீரங்கத்தில் அரங்கன் சந்நிதியோடு நிறுத்திவிடுவார்கள். உறையூர் மல்லர், ஒரு கையில் மனைவி பொன்னாச்சிக்குக் குடை, மறுகையால் அவள் காலடியில் துணி விரிப்பு. ஊரே சிரிக்கிறது. ராமானுஜர் கூப்பிட்டு விசாரிக்கிறார். அவள் கண்ணழகு என்கிறார் மல்லர். அதைவிட அழகான அரங்கன் கண்ணை ராமானுஜர் காட்டுகிறார். ஆசை மாறியது, சுபம்.

என் தம்பியும் அங்கேதான் நிறுத்தினான். தன் நாட்டம் ஆண்கள்மேல்தான் என்று அவன் பையன் வீட்டில் சொல்லியாகிவிட்டது; ஜாதகமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு பெண்ணின் போட்டோவை நீட்டி, "மூக்கும் முழியுமா லட்சணமா இல்லையாடா?" என்றான் தம்பி. "லட்சணமாத்தான் இருக்காப்பா." தம்பி முகம் மலர்ந்தது. "அதுக்காக எனக்கு ஆசை வரலையே" என்றான் பையன். உடனே தம்பி, "வில்லிதாசரே மாறலையா?"

பையன் சொன்னதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். சூரிச்சில் கிரான்ஸ், இஷாய் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு. எதிர்பால் நாட்டமும் தன்பால் நாட்டமும் உள்ள ஆண்களும் பெண்களுமாக 40 பேருக்கு ஆண், பெண் முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அழகுக்குப் போட்ட மதிப்பெண்ணில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஆனால் மூளையில் வெகுமதியோடு தொடர்புள்ள பகுதிகள், அவரவர் நாடும் பாலின் முகத்துக்கே அதிகம் துடித்தன. அழகு என்று தீர்ப்பெழுதுவது ஒன்று, உள்ளே அசைவது வேறொன்று. போட்டோவைக் காட்டிக் காட்டி முதலாவதிடம் கையெழுத்து வாங்கலாம். இரண்டாவது அந்த அதிகாரத்துக்கு உட்பட்டதில்லை.

அழகே காரணம் என்றால் அரங்கனைச் சேவித்த அத்தனை பேரும் வில்லிதாசர் ஆகியிருக்க வேண்டுமே. அதே கண்ணைச் சேவித்துவிட்டு நானும், அக்காரவடிசில் இன்று சூடாக இருக்குமா என்று யோசித்தபடிதான் வெளியே வருகிறேன். இதே ஸ்ரீரங்கத்தில் பிள்ளை லோகாசார்யர் பெருமாளின் கருணையை நிர்ஹேதுகம், அதாவது காரணமற்றது, என்றார். அது ஜீவனின் தகுதியைப் பார்த்து வருவதில்லை, கேட்டதற்காகவும் வருவதில்லை. மனித ஆசையை அதோடு ஒப்பிட்டால் பெரியவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். முயற்சியால் வராதது, முயற்சியால் போகாதது என்ற அளவில் எனக்கு இரண்டும் ஒரே ஜாதியாகத்தான் படுகின்றன.

சரி, மாறியதுதான் என்ன? பொன்னாச்சியை அவர் விடவில்லை. இருவரும் சேர்ந்தேதான் ராமானுஜருக்குச் சிஷ்யர்கள் ஆனார்கள். ராமானுஜர் ஆசையைப் பழிக்கவில்லை, கண்ணழகு பொய் என்று வாதாடவும் இல்லை. அதோடு, மல்லரின் மனம் போய் நின்றது ஓர் ஆண் திருமேனியில். இந்தக் கதையைச் சொல்லித்தான் தம்பி மகனைத் திருத்தப் பார்க்கிறான்!

"ஆழ்வார்களே பெருமாள்கிட்ட ஆசைப்பட நாயகியா மாறித்தானே பாடினா, அத்தை?" என்று பையன் கேட்டான். ஆமாம், நம்மாழ்வார் பராங்குச நாயகி, திருமங்கையாழ்வார் பரகால நாயகி. புருஷோத்தமன் எதிரில் எல்லா ஜீவனும் பெண்தான் என்று அதற்கு விளக்கமும் உண்டு. வில்லிதாசருக்கு அந்த வேஷம் தேவைப்படவில்லை. புறப்பாட்டில் உருவிய கத்தியோடு பெருமாளுக்கு முன்னே நடப்பாராம், அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தக் கணமே தன்னை மாய்த்துக்கொள்ள. அந்தப் பிரேமைக்காகத்தான் அவருக்கு மஹாமதிகள், அதாவது பேரறிவாளர், என்று பெயர் கொடுத்தார்கள். ஆணாக இருந்துகொண்டு இப்படி ஒரு பிரேமையா என்று யாரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.