உறக்கமுங் குற்றமும்

பாடங் கேட்கும்பொழுது உறங்கிவிழும் மாணாக்கன் குற்றமுடையனோ அல்லனோ என்பது சிறியதொரு வினாப்போலத் தோன்றும். எனினும் அஃது அறத்தின்பாற்பட்ட வினாவேயாம். குற்றமெனின் தண்டந் தகும். நோயெனின் மருந்து தகும். ஒன்றை மற்றொன்றாக மயங்கும் ஆசிரியர் நோயாளியைத் தண்டித்தவராவர்.

ஆன்றோர் மடியைப் பழித்தனர். திருவள்ளுவரும் மடியின்மை என்னும் அதிகாரத்திலே துயிலைக் கேட்டிற்கு ஏதுவாகிய நான்கனுள் ஒன்றாக வைத்தார். ஆயினும், அவர் பழித்தது விரும்பி மேற்கொள்ளுந் துயிலையே என்பது நோக்கத்தக்கது. நமது சித்தாந்த நூல்கள் உறக்கத்தை ஆன்மாவின் ஐந்து அவத்தைகளுள் ஒன்றாகக் கூறும். நனவிலே 35 கருவிகளும், கனவிலே 25 கருவிகளும், சுழுத்தியிலே 3 கருவிகளும் நிற்குமென்பது அவற்றின் கணக்கு. கருவிகள் ஒடுங்கி இளைப்பாறுதல் உடம்போடு கூடிய உயிர்க்கு இயற்கை. இளைப்பாறப் பெறாத கருவி பகலிலே தொழிற்படாதாயின், அதற்கு உயிரைப் பழித்தல் எங்ஙனம்?

ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளை ஒருவனுடைய இரவை எண்ணிப் பார்ப்போம். பசறையிலோ தெமோதரையிலோ லயத்துக் காம்பரா ஒன்றிலே குடும்பம் முழுவதும் படுக்கின்றது. அடுப்புப் புகையும், அடுத்த காம்பராவின் ஓசையும், மலைக்குளிரும் உறக்கத்தைக் கலைக்கின்றன. பிரட்டுக்குச் செல்லவேண்டிய தாய் விடியுமுன் எழுந்து சமைக்க, பிள்ளையும் உடன் விழிக்கின்றான். கைத்தொலைபேசி புகுந்த இல்லங்களிலே படுக்கை நேரமும் பிந்துகின்றது. இவற்றோடு அச்சமும் சேர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே மண்சரிந்து லயங்களை மூடியதை நாமறிவோம். மலைச்சரிவிலே வாழ்வோர் அடைமழை இரவைக் கண்விழித்துக் கழித்தல் வியப்பன்று.

ஆறு முதற் பன்னிரண்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணிநேர உறக்கம் வேண்டுமென 2016ஆம் ஆண்டு அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர் கூறினர். வளர்ச்சிக்குரிய சுரப்பு ஆழ்ந்த துயிலிலே மிகுதியாகச் சுரக்கின்றது. கற்றது நினைவிலே உறைவதும் துயிலினாலேயாம். துயில் குறைந்த சிறுவன் எப்பொழுதும் தூங்கிவிழுவானல்லன். சிடுசிடுப்பும், அமைதியின்மையும், சண்டைக் குணமும் அவனிடந் தோன்றும். நாம் அடங்காதவன் என்று பெயரிட்ட பிள்ளை உறக்கங் குறைந்தவனாகவும் இருத்தல் கூடும். உள்நாக்கின் இருமருங்குமுள்ள தசைவீக்கத்தால் மூச்சுத் தடைப்பட்டுக் குறட்டைவிடும் பிள்ளை எட்டு மணிநேரம் படுத்தும் உறங்கினானல்லன். குருதிச் சோகையும் சோர்வைத் தரும்.

இங்ஙனம் இரங்கினால் சோம்பல் வளராதோ எனின், வளராது. மடியுடையோன் நன்கு உறங்கியும் முயலான். உறக்கங் குறைந்தோன் உறங்கப்பெறின் முயல்வான். சில இரவுகள் நிறைதுயில் கிடைக்கச்செய்து நோக்கின் வேறுபாடு பெரும்பாலும் புலனாகும்.

ஆதலின், பிரம்பை நோக்குமுன் ஆசிரியர் பிள்ளையைத் தனியே அழைத்து, எப்பொழுது படுத்தாய், எப்பொழுது எழுந்தாய், இரவிலே எதனால் விழித்தாய் என மூன்று வினாக்கள் வினவுக. குறட்டையும் சோர்வும் நீங்காவிடின் பெற்றோருக்குச் சொல்லி வைத்தியரிடம் அனுப்புக. லயத்தை ஒரு நாளிலே மாற்றும் ஆற்றல் நமக்கில்லை. அதன் துன்பத்தைப் பிள்ளையின் குற்றமென எழுதாதிருக்கும் ஆற்றல் நமக்குண்டு. பகலிலே அவனுடைய குணத்தை அளக்கும் ஆசிரியர், அவன் கழித்த இரவையும் அறிந்து அளப்பாராக.