நியம்கிரியும் பிராயச்சித்தமும்

ஒருவன் செய்த புண்ணியம் அவன் செய்த பாவத்தைக் கழித்துவிடுமா என்பது நம் சமயவாதிகள் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வி. இருவினையும் தனித்தனியே நுகர்ந்து தீர்க்கப்பட வேண்டியவையே அன்றி, வரவு செலவுக் கணக்கைப்போல் ஒன்றை மற்றொன்றில் நேர்செய்து மீதத்தை மட்டும் அனுபவிப்பது இயலாது என்பது சைவ சித்தாந்திகள் கண்ட முடிவு. புவி வெப்பமுறுவதைத் தணிக்கத் தாமும் துணைநிற்பதாகக் கூறும் அலுமினியத் தொழிலினரை இம்முடிவைக் கொண்டு விசாரித்துப் பார்ப்பது தகும்.

அவர்கள் கூறுவது பொய்யன்று. எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள இவ்வுலோகத்தால் வாகனங்கள் இலேசாகி எரிபொருள் மிச்சமாகிறது. சூரிய மின்தகடுகளின் சட்டங்களும், மின்சாரத்தை நெடுந்தொலைவு சுமந்து செல்லும் கம்பிகளும் இதனாலேயே ஆகின்றன. ஆயினும் 1886-இல் ஹால், ஹெரூல்ட் என்னும் இருவர் தனித்தனியே கண்ட முறைதான் இன்றளவும் ஆலைகளில் நிலவுகிறது. உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சும்போது, பிரிந்துவரும் பிராணவாயு கரி மின்முனையோடு கூடிக் கரியமில வாயுவாகிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒடிசாவின் அங்குல், ஜார்சுகுடா ஆலைகளில் அதுவும் பெரும்பாலும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. உலகம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 2 சதவீதம் இந்த ஒரு தொழிலினுடையது.

புகையையாவது அளந்து சொல்லலாம்; ஒரு மலையின் இழப்பை அவ்வாறு அளக்க முடியாது. ஒடிசாவில் ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நியம்கிரி மலையில் வாழும் டோங்ரியா கோண்டு மக்களுக்கு அம்மலை நியம ராஜா என்னும் தெய்வத்தின் இருப்பிடம். அதன் உச்சியில் படிந்துள்ள அலுமினியத் தாதுவான பாக்சைட்டைப் பெறலாம் என்ற நம்பிக்கையில் அடிவாரத்து லாஞ்சிகரில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், தெய்வத்தின் மதிப்பையும் தாதுவின் விலையையும் தானே ஒரு தராசில் நிறுத்துப் பார்க்காமல், அம்மக்களின் வழிபாட்டுரிமை சுரங்கத்தால் குலையுமா என்பதை அவர்களுடைய கிராம சபைகளே ஆராய்ந்து கூறட்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள அதிகாரியின் முன்னிலையில் 12 கிராமங்கள் கூடின; பன்னிரண்டும் ஒருமுகமாகச் சுரங்கத்தை மறுத்துவிட்டன. வழிபடுகிறவனையே சாட்சியாகவும் நியாயாதிபதியாகவும் ஏற்ற இத்தீர்ப்பை, நம் காலத்துத் தர்ம விசாரணைகளுள் தலைசிறந்ததென்று நான் கருதுகிறேன்.

லோக க்ஷேமத்தின் பொருட்டு ஒரு சிறு கூட்டத்தார் ஒரு மலையை விட்டுக்கொடுக்கலாகாதா, பலரைக் காக்கச் சிலரை இழக்கலாம் என்று மகாபாரதத்தில் விதுரரே மொழியவில்லையா என்று கேட்பாருண்டு. விதுரர் அந்த நீதியைத் திருதராஷ்டிரனுக்கு உரைத்தது, அவன் தன் சொந்தப் புதல்வனான துரியோதனனைத் துறக்கவேண்டும் என்பதற்காக. அயலான் பெற்ற பிள்ளையைத் துறப்பதற்காக அன்று. தன்னுடையதைத் துறந்தாலன்றோ தியாகம்? பிறருடையதைப் பறித்துக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது அபகாரம். எனவே இங்கே துறக்க வேண்டியவர், குடித்தவுடன் டப்பாவையும் உண்டவுடன் பொட்டலத் தாளையும் குப்பையில் எறியும் நாமே. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்க ஆகும் சக்தியில் 5 சதவீதமளவே போதும். எத்தனை முறை உருக்கினும் அதன் குணம் அழிவதில்லை. தவறு நின்ற பிறகே பிராயச்சித்தம் தொடங்குகிறது என்றால், இத்தொழிலுக்கு வாய்த்த பிராயச்சித்தம் இதுவே. இலேசான வாகனத்தைக் காட்டி மலையின் கடனை அடைத்துவிட முடியாது.

லாஞ்சிகர் ஆலை வேறிடத்துப் பாக்சைட்டைக் கொண்டு இயங்கிவருகிறது. அதே வட்டாரத்துச் சிஜிமாலி மலையிலும் சுரங்கம் தோண்ட முயற்சி நடக்கிறது. அங்குள்ள ஆதிவாசிகள் பலர் எதிர்த்து நிற்கிறார்கள். நியம்கிரியில் கேட்ட கேள்வியை, அங்கே போலவே நீதிபதி ஒருவர் முன்னிலையில், இவர்களிடமும் கேட்டு, இவர்கள் சொல்லும் விடை எதுவாயினும் அரசாங்கம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.