ஆறு வாரம்

விடிகாலை ஐந்து மணி. தைராய்டு மாத்திரை மிளகைவிடச் சற்றுப் பெரிது. வாயில் போட்டால் தண்ணீரோடு இறங்குவதே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. அந்த ஒரு மணி நேரம் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

*

50 மைக்ரோகிராமில் இருந்த நாட்களில் இரண்டாம் சுற்றிலேயே தொடை கனத்துவிடும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொள்வேன். ரத்தத்தில் டி.எஸ்.எச். 9.2 என்று கூடுதலாக வந்த அன்றுதான் கால்களை நினைத்து அழுதேன். பாவம், அவை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

*

டாக்டரம்மா 75 ஆக்கினார். "ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாப்போம்மா. அதுக்குள்ள நீங்களா கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க."

தைராக்ஸின் பாதி கழியவே ஏழு நாள் ஆகும். தினம் விழுங்குவது சேர்ந்து சேர்ந்து ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம். அதனால் இன்றைய நடைக்கு இன்றைய மாத்திரை பொறுப்பில்லை. இது மனதில் இறங்க எனக்கு வெகுநாள் பிடித்தது. நன்றாக நடந்த நாளில் மாத்திரையைக் கொண்டாடுவேன். மூச்சு வாங்கிய நாளில் அதையே நொந்துகொள்வேன்.

கால்சியம் மாத்திரையை இரவுக்கு மாற்றினேன். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும்.

*

100 ஆனபோது நேர்மாறு. கால் பறந்தது. நான்கு சுற்று, ஐந்து சுற்று. குணமாகிவிட்டேன் என்றே நம்பினேன். தூக்கம் போனது. ஒருநாள் படித்துறையில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன். பத்து நிமிடம் ஆகியும் 104. கையிலிருந்த பாட்டிலில் தண்ணீர் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும் என்று டாக்டரம்மா சொன்னார். பறந்ததைப் பலம் என்று நினைத்திருந்தேன்.

*

இப்போது மாத்திரை 88 மைக்ரோகிராம். நான்காவது வாரம்.

உட்கார்ந்ததும் நாடி பார்க்கிறேன். ஐந்து நிமிடத்தில் 78. நோட்டில் எழுதுகிறேன்: தேதி, சுற்று, நாடி, தூங்கிய நேரம். நன்று, மோசம் என்று எழுதுவதை விட்டுவிட்டேன்.

நடுமண்டபத்தின் மேல் வெளிச்சம் படர்கிறது.

"என்ன மதினி, ரெண்டு சுத்தோட உக்காந்துட்டீங்க?"

"இன்னைக்கு ரெண்டுதான் மதினி."

அவர் வேகம் குறைக்காமல் கடந்து போகிறார். மணி ஐந்தே முக்கால். காபிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.