கண்ணாடிக்குள் ஓர் இழை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடைபெறும் நாளில் வியாபாரிகளின் கைகளைப் பார்த்திருக்கிறோம். மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டி, நிறமும் பருமனும் நோக்கி, இரண்டொன்றை உடைத்துப் பார்த்த பிறகே விலை கேட்பார்கள். அவ்வாறு துருவி ஆராய்வது வாங்குவோனின் உரிமை. அதே கண் தன் சரக்கின்மீது திரும்பினால் அவ்வளவு கூர்மையாகப் பார்க்குமா?

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், நிக்காஹ் வீடுகளில் நிழற்படம் எடுத்துப் பிழைப்பவர், சென்ற மழைக்காலத்தில் லென்ஸ் வாங்க முற்பட்டார். அவர் ஒப்பிட்டவை இரண்டும் கேனான் நிறுவனத்தின் 50 மில்லிமீட்டர் லென்ஸ்கள். ஒன்று 2015-இல் வெளிவந்த எஃப் 1.8, மற்றது 1993-இல் வெளிவந்த எஃப் 1.4. முன்னதைப் புதிதாக வாங்கலாம். பின்னதைப் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டக்காரர் பழையதாக விற்க இருந்தார். துணைக்கு நம்மையும் அழைத்துச் சென்றார்.

1.4 ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஒளியை உள்ளே விடும். இருண்ட ஏலக்காய் ஸ்டோருக்குள் அது பெரிய உதவி. ஆனால் முழுவதும் திறந்து அருகிலிருந்து எடுத்தால் மாப்பிள்ளையின் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். எடை 290 கிராம். மற்றது 160 கிராம்தான். 35 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். 1.4-க்கோ 45 வேண்டும். மருதாணிக் கையைப் படமெடுப்பவருக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் சிறிதல்ல.

இவற்றையெல்லாம் நாம் பேசிக்கொண்டிருக்கையில் தோட்டக்காரர் தாமே டார்ச் விளக்கை எடுத்து வந்து லென்ஸுக்குள் அடித்துக் காட்டினார். சிலந்தி நூல் போல் பூஞ்சை ஓடியிருந்தது. மலை மூடுபனியின் ஈரம் செய்த வேலை. "படத்தில் தெரியாது, பாய். ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மாணவர் நன்றி கூறித் திரும்பினார், புதிய 1.8-ஐயே வாங்கினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எழுத நேர்ந்திராது. செலவை ஈடுகட்டத் தம் பழைய லென்ஸைத் தேனிக்காரர் ஒருவருக்கு விற்கப் பேசியிருந்தார். அன்றிரவு அதற்குள்ளும் டார்ச் அடித்தார். ஓர் இழை!

"படத்தில் விழவில்லையே, ஹஸ்ரத். சொல்லத்தான் வேண்டுமா?"

உண்மையைச் சொன்னால், நாமும் முதலில் சாக்குத்தான் தேடினோம். வாங்க வருபவருக்கும் கண் இருக்கிறதே என்று தோன்றிற்று. ஆனால் ஹனஃபி சட்ட நூல்கள் 'ஐபு' என்னும் குறைக்குத் தரும் அளவுகோல் வேறு. வியாபாரிகளின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அதுவே குறை. படத்தில் தெரிகிறதா என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. பூஞ்சை நாளடைவில் கண்ணாடியின் பூச்சை அரிக்கவும் கூடும். "மலைக்காரரின் லென்ஸை நீர் ஏன் வாங்காமல் வந்தீர்?" என்று கேட்டோம். அவர் பேசவில்லை.

சற்று நேரம் கழித்து, ஓதியவர் அல்லவா, வேறொரு வாசலைத் தட்டினார். "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்லி விற்றால் ஹனஃபி வழியில் செல்லுமே?" செல்லும்தான். ஷாஃபி இமாமின் வழியினர் இதற்கு அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. ஆயினும் வியாபாரம் செல்லுபடியாவது ஒன்று. தெரிந்ததை மறைத்த பாவம் நீங்குவது வேறொன்று. நபிகள் நாயகம் (ஸல்) கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததற்காக அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காகவே கண்டித்தார்கள்.

மறுநாள் மாணவர் தேனிக்காரரை அழைத்துச் சொல்லிவிட்டார். அவர் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டிருக்கிறார். இவர் ஐந்நூறு என்கிறார். லென்ஸ் இன்னும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் இருக்கிறது. டார்ச்சையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.