உள்ளே போகும்போது விட்டவை

மணமுறிவுக்குப் பின் வெளியே வரும் பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கும் முதல் கேள்வி: எவ்வளவு கிடைத்தது? உள்ளே போகும்போது அவள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனாள் என்று கேட்பவர்கள் குறைவு. டென்மார்க் அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போய்த் திரும்பிய அலெக்சாண்ட்ராவின் கதையில் எனக்கு அந்தக் கணக்குதான் பெரிதாகப் படுகிறது.

1964-இல் ஹாங்காங்கில் பிறந்தவர். தந்தை வழியில் ஆங்கிலேயரும் சீனரும் கலந்த குடும்பம், தாய் ஆஸ்திரியர். நிதி நிறுவனத்தில் நல்ல பதவி. ராணி மார்கிரேத்தின் இளைய மகன் யோவாகிம் அப்போது அதே ஊரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்தது 1994 ஜனவரியில் ஒரு விருந்தில். அடுத்த ஆண்டு நவம்பர் 18-இல் ஃபிரெடரிக்ஸ்போர்க் கோட்டைத் தேவாலயத்தில் கல்யாணம்.

வேலையை விட்டார். ஆங்கிலிக்கன் சபையிலிருந்து லூத்தரன் சபைக்கு மாறினார். டேனிஷ்காரர்கள் பாதி எழுத்துகளை விழுங்கிவிட்டுப் பேசுபவர்கள். அந்த மொழியை அவர் பிடித்துக்கொண்ட வேகத்தில்தான் நாடே அவரை விரும்பத் தொடங்கியது. அது புகுந்த வீடு கொடுத்ததல்ல, தானே சம்பாதித்தது. 2005-இல் விவாகரத்து ஆனபோதும் அந்தப் பிரியம் அவரோடுதான் இருந்தது. டேனிஷ் அரச குடும்பம் 1846-க்குப் பிறகு பார்த்த முதல் விவாகரத்து அது.

ராணி அவருக்கு ஃபிரெடரிக்ஸ்போர்க் கோமாட்டி என்ற பட்டம் கொடுத்தார். அரசு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் குரோனர் ஆயுள் முழுக்கத் தர ஏற்பாடானது. 2007-இல் தன்னைவிட 14 வயது இளையவரான ஓர் ஒளிப்படக் கலைஞரை மணந்ததும் இளவரசி என்ற பட்டம் போயிற்று, பணம் தொடர்ந்தது. முணுமுணுப்பும் கிளம்பியது: வேறொருவரின் மனைவிக்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும்?

அந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். ஆயுள் முழுக்க என்பது அதிகம்தான். ஆனால் 31 வயதில் தொழிலைத் துறந்து 40-இல் வெளியே வருபவருக்கு, அந்த இடைப்பட்ட ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? சாதாரண வீடுகளிலும் இதே வழக்குதான் நடக்கிறது, குரோனர் மட்டும் இல்லை. மறுமணம் செய்தால் ஜீவனாம்சம் நிற்க வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அவசரம், அவள் விட்ட வேலையைக் கணக்குப் போடுவதில் இருப்பதில்லை.

பணத்தை நிறுத்தியது நாடாளுமன்றம் அல்ல, அவரேதான். 2017-இல் அறிவித்தார், இளைய மகன் ஃபெலிக்ஸுக்கு 18 வயதாகும் 2020-இல் நின்றது. அதற்குள் இரண்டாவது திருமணமும் முறிந்திருந்தது.

கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் அரண்மனையை விடவில்லை. 2022 செப்டம்பரில் ராணி, யோவாகிமின் பிள்ளைகள் நால்வருக்கும் அடுத்த ஜனவரி முதல் இளவரசர், இளவரசி பட்டம் கிடையாது என்றார். பேரப்பிள்ளைகளின் நன்மைக்காக என்பது அவர் சொன்ன காரணம். தன் மகன்கள் அதிர்ந்துபோயிருப்பதாக அலெக்சாண்ட்ரா வெளிப்படையாகவே சொன்னார். மனம் புண்பட்டதற்கு ராணி வருந்தினார், முடிவை மாற்றவில்லை. தன் பட்டம் போனபோது, அதற்கான திருமணத்தை அலெக்சாண்ட்ரா தெரிந்தே தேர்ந்தெடுத்திருந்தார். மகன்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.