படமெடுப்பவரின் உரிமை

ஒருவரின் வாழ்வைப் படம்பிடித்துப் பிறருக்குக் காட்டும் உரிமை எங்கிருந்து வருகிறது? ஜப்பானின் யமகாட்டா நகரம் தன் நூற்றாண்டையொட்டி 1989இல் தொடங்கிய ஆவணப்பட விழாவின் அடியில் கிடப்பது இந்த அறக்கேள்விதான். விழாவுக்கு உந்துதலாக இருந்த ஆவணப்பட இயக்குநர் ஒகாவா ஷின்சுகே, குழுவோடு அருகிலிருந்த மகினோ கிராமத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கி நெல் பயிரிட்டவர். அங்கே உருவான படத்தில் ஊர்மக்களும் தங்கள் முன்னோராக நடித்தார்கள்; ஊர்த்தெய்வத்தின் கதையும் பழைய விவசாயிகள் கிளர்ச்சியும் திரைக்கு வந்தன. கூடி வாழ்ந்தால் தகுதி வரும் என்பது வலுவான விடை, முழு விடையல்ல. படத்தில் எதை வெட்டுவது என்பதை அப்போதும் இயக்குநரே முடிவுசெய்கிறார். யாருடைய படம் காட்டப்படுகிறது என்பதிலும் இதே கேள்வி எழுகிறது: முதல் விழாவின் போட்டியில் ஆசியப் படம் ஒன்றுகூட இல்லை. வந்திருந்த ஆசிய இயக்குநர்கள் கூடிப் பேசி அறிக்கை வெளியிட்டார்கள். பின்னர் ஆசியப் புதுப்படங்களுக்குத் தனிப் பிரிவும், அதில் ஒகாவா பெயரில் பரிசும் ஏற்பட்டன.