சிறுதேரில் ஏறுவோர் யார்?

பெரியதொன்றைச் சிறிதாக்கிக் கண்டு மகிழும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்களை வகுத்தோர் அவற்றின் ஈற்றில் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். குறுந்தொகையின் 61ஆம் பாடலில், தச்சன் செய்து கொடுத்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும் அதனைக் கையாற் பற்றி இழுத்தே இன்புறும் சிறுவரைத் தும்பிசேர் கீரனார் உவமையாக்குகிறார். ஏறாமலே பெறும் இன்பம் ஒன்று உண்டு என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் குரும்பட்டியில் ஈர்க்குக் குத்திக் கட்டும் தேரும் அவ்வின்பத்தின்பாற் பட்டதே.

ஆயின் எவருடைய தேரைச் சிறிதாக்குவது என்ற வினா எழும்போது விளையாட்டு வெறும் விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. வடமொழியிற் சூத்திரகர் இயற்றிய நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். அந்நாடகத்தில், வறுமையுற்ற சாருதத்தனின் மகன் அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வெறுத்து அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரை நிரப்புகிறாள். பொற்றேர் வாங்கிக்கொள்ளென்று அன்பினால் இட்ட அந்த அணிகலன்களே பின்னர் வழக்குமன்றத்திற் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி, அவனைக் கொலைக்களம்வரை இட்டுச் செல்கின்றன. விளையாட்டுப் பொருளில் வர்க்கம் புகுவதில்லை எனக் கருதுவோர் இந்நாடகத்தை மீண்டுமொரு முறை படித்தல் நன்று.

இக்காலத்துச் சிறுதேர் புகையிரதமாகும். உண்மையான புகையிரதத்தை 87இல் ஒன்றாகவோ 76இல் ஒன்றாகவோ சுருக்கி, மேசைமீது தண்டவாளம் இட்டு, மின்சாரத்தால் ஓட்டுவது மேனாடுகளிற் பல்லாயிரவர் பயிலும் பொழுதுபோக்கு. அவர்களுட் பலர் பெரிதும் விரும்பி அமைப்பது அதிகாரிகள் வண்டியாகும். அமெரிக்கப் புகையிரதக் கம்பனிகள் தம் தலைவர்களும் விருந்தினரும் செல்வதற்கென வைத்திருக்கும் தனி வண்டிகளே இதற்கு மூலவடிவம். மெருகிட்ட இயந்திரம், மின்பிறப்பாக்கி வைத்த பெட்டி, படுக்கைப் பெட்டிகள், உணவுப் பெட்டி, கூட்டம் நடத்தும் பெட்டி, ஈற்றிற் பின்புறம் முழுவதும் கண்ணாடியாலான பார்வைப் பெட்டி என்ற வரிசையில் அது அமையும். அப்பார்வைப் பெட்டியில் ஆசனங்கள் படமாளிகையிற் போலப் படிப்படியாக உயர்ந்திருக்கும். அமர்ந்திருப்போர் பின்னோக்கி ஓடும் பாதையைப் பார்வையிட்டுக்கொண்டே செல்வர்.

நம் பக்கத்திலும் இவ்வழக்கம் இல்லாமற் போகவில்லை. இந்தியாவில் இராசப்பிரதிநிதிக்கும் சமஸ்தான மன்னர்க்கும் தனித்தனிச் சலூன் பெட்டிகள் இருந்தன. அவற்றுட் சில 1982இல் ‘சக்கரங்களின்மேல் அரண்மனை’ என்ற சுற்றுலா வண்டியாக மாறின. உயர் அதிகாரிகளின் சலூன்கள் 2018இல் கட்டணம் செலுத்துவோர்க்குத் திறந்துவிடப்பட்டன. அதிகாரத்துக்குரிய இருக்கை பணத்துக்குரிய இருக்கையாயிற்று. இதனைச் சமத்துவத்தின் வெற்றி என்று கொள்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டும்.

இனி, பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்கு அணித்தாக உள்ள ஒரு வீட்டில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இத்தகைய அதிகாரிகள் வண்டியொன்றை அமைக்க முற்படுகிறார் எனக் கொள்ளலாம். இடம் கருதியே இவ்வெடுத்துக்காட்டு அமைகிறது. பருத்தித்துறைக்குப் புகையிரதம் என்றுமே வந்ததில்லை. அது கடலை நம்பிய ஊர். வடமராட்சியார் கோச்சி பிடிக்க வேண்டுமாயின் கொடிகாமத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ்ஸில் மூட்டை முடிச்சுகளோடு சென்றனர். குடாநாட்டில் 1902இல் முதல் வண்டி ஓடியது. 1905இல் வடபாதை முழுமையுற்றுக் காங்கேசன்துறை கொழும்போடு இணைந்தது. 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அரசாங்க உத்தியோகமும் உயர்கல்வியும் வியாபாரமும் தேடித் தெற்கே சென்ற ஒரு சமுதாயத்தின் போக்குவரவு அவ்வண்டியில் நிகழ்ந்தது. 1990 யூன் 13க்குப் பின்னர் அது யாழ்ப்பாணம் வருவது நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையை மீள அமைத்தபின், 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 சனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியது. இருபத்துநான்கு ஆண்டுகள் வண்டியைக் காணாது வளர்ந்த ஒரு தலைமுறை இடையிலே உண்டு.

இத்தகைய மண்ணிலிருந்து வண்டியொன்றைச் செய்ய முனையும் ஒருவர் யாழ்தேவியைச் செய்யாமல் அதிகாரிகள் வண்டியைச் செய்வது தகுமா? வினா இதுவே.

தகும் என்பார் கூறும் முதற் காரணம் கைத்தொழில் பற்றியது. அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சாதாரணப் பயணிகள் வண்டியில் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு வரும். அதிகாரிகள் வண்டியிலோ பெட்டிக்குப் பெட்டி சாளர வரிசை வேறு, உள்ளமைப்பு வேறு, கூரையிலுள்ள காற்றுப் போக்கிகூட வேறு. கைவல்லோன் ஒருவனுக்கு ஒவ்வொரு பெட்டியும் புதிய சவாலாகும். இடமும் ஒரு காரணமே. இருபது மீற்றர் நீளமான பெட்டி 87இல் ஒன்றாகச் சுருங்கியும் இருபத்துமூன்று சென்ரிமீற்றர் இருக்கும். பன்னிரண்டு பெட்டிகளைத் தாங்க மேசை போதாது. ஐந்து பெட்டிகளும் ஓர் இயந்திரமும் ஒன்றரை மீற்றருக்குள் அடங்கிவிடும். கலைஞன் அரிய பொருளையே நாடுகிறான், அதிகாரத்தையன்று என்று இவர்கள் வாதிடுவர். சோழர் காலத்துச் சிற்பியும் ஊர்க் குடிசையை விட்டுக் கோயிலையே கட்டினான் என்றும் கூறுவர்.

இவ்வாதத்தை ஆராயுமுன், உருச்சிறுத்தலில் உண்மை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். பிளேற்றோ தம் ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில், தச்சன் செய்த கட்டிலையும் ஓவியன் வரைந்த கட்டிலையும் ஒப்பிட்டு, பின்னையது உண்மையினின்றும் மும்மடி விலகியது என்றார். சிறு புகையிரதம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது படமன்று, ஓடுகிறது. வண்டியுமன்று, எவரையும் ஏற்றுவதில்லை. அளவைப் பொறுத்தவரை அது பொய் கூறியே தீர வேண்டியிருக்கிறது. இலங்கையின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைத்தூரம் 1676 மில்லிமீற்றர். 87இல் ஒன்றாக அது பத்தொன்பது மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக வரும். கடையில் விற்கும் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீற்றர். ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் என்பது பார்வைக்கு அற்பம். உண்மை அளவிற் கூறின் ஒன்பதரை அங்குலம்! வளைவுகளின் நிலை இதனினும் மோசம். முந்நூறு மீற்றர் ஆரையுள்ள வளைவு நேர்மையாகச் சுருங்கினால் மூன்றரை மீற்றர் ஆரை வேண்டும். மேசையில் அரைமீற்றர் ஆரையில் வண்டி சுழன்றுவிடும். தூரத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. காங்கேசன்துறையிலிருந்து கொழும்புவரை ஏறக்குறைய 410 கிலோமீற்றர். அதனை 87இல் ஒன்றாக்கினும், பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறைக்குச் செல்லும் தெருவிற் பாதிவழிக்கு மேல் தண்டவாளம் பரப்ப வேண்டியிருக்கும்.

எனவே மாதிரி செய்வோன் எவனும் முழு உண்மையைச் செய்வதில்லை. எதை விடுவது என்று அவன் ஒவ்வொரு கணமும் தெரிந்தெடுக்கிறான். அளவு காரணமாக விடுவது குற்றமன்று, அது இயலாமை. ஆனால் விட்டது எது, வைத்தது எது என்று நோக்கும்போது அவனது விருப்பு வெறுப்புகள் வெளிப்பட்டுவிடுகின்றன. மேற்கூறிய கலைஞன் வாதம் இவ்விடத்திலேயே தளர்கிறது. கோயில் கட்டிய சிற்பிக்கு அதைக் கட்டச் சொன்னோர் இருந்தனர். ஓய்வுபெற்ற ஆசிரியரை அதிகாரிகள் வண்டி செய்யுமாறு பணித்தவர் எவருமில்லை.

அவரை ஈர்ப்பது யாது? மேசைக்கு முன்னே முக்காலியிட்டு அமர்ந்து வண்டியோட்டுபவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், அவரை எவரும் இடிப்பதில்லை. அவர் நினைத்தபோது வண்டி புறப்படும், நினைத்தபோது நிற்கும். பாதையின் முழு நீளமும் அவர் கண்ணுக்குள் அடங்கும். பார்வைப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னே சாய்ந்திருக்கும் அதிகாரியின் நிலையும் இதுவேயன்றோ! அதிகாரிகள் வண்டியை அமைப்பவர் தம் சொந்த இருக்கையின் மாதிரியையே அமைக்கிறார் எனலாம். கூட்டமில்லாத ஒரு பயணத்தை அவர் விரும்புகிறார். யாழ்தேவியின் வாயிலில் தொங்கிச் சென்றவர்களுக்கு இவ்விருப்பம் விளங்காததன்று. வாழ்நாள் முழுவதும் நெரிசலிற் பயணம் செய்தவர் முதுமையில் ஓர் இருக்கையைக் கனவு காண்பதைக் குற்றம் என்பது கொடுமை. சாருதத்தனின் மகன் அழுததும் இதற்காகத்தான்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. அதிகாரிகள் வண்டிக்கு நியாயம் வழங்குவது அதன் பட்டு மெத்தையன்று, அதன் பின்புறக் கண்ணாடியே. பாதையைப் பார்வையிடுவதற்காகவே அது ஓடுகிறது என்பர். தளர்ந்த சிலிப்பர், அரிப்புண்ட மதகு, காவலற்ற கடவை ஆகியவற்றைக் கண்டு திருத்துவதற்காகவே அவ்வளவு செலவும் ஆகிறது என்பர். வடபாதை மீண்ட பின்னர்க் காவலற்ற கடவைகளிற் பல உயிர்கள் போயின என்பது நாடறிந்தது. கண்ணாடிக்குப் பின்னிருப்போர் காண வேண்டியவை அவையே. காணாவிடத்து அவ்வண்டி வெறும் பொற்றேராகிவிடும். மேசைமீது ஓடும் பாதையிலோ பழுது என்பதே இல்லை. புல் பச்சை, வேலிகள் நேர், நிலையங்கள் புதுவர்ணம். பார்வையிட ஒன்றுமே இல்லாத பாதையிற் பார்வையிடும் வண்டியை ஓட்டுவது பொருளற்றது. இங்ஙனம் அது தன் ஒரே நியாயத்தையும் இழக்கிறது. ஆகவே அதிகாரிகள் வண்டி செய்வது தவறன்று. அதற்குப் பார்க்கவொரு பாதையைச் செய்யாதிருப்பதே தவறு.

பார்வையிடுதலுக்கு வேறொரு வழியும் இருந்தது. காந்தியடிகள் மூன்றாம் வகுப்பிலேயே இந்தியாவெங்கும் சென்று, தாம் கண்ட அவலங்களை 1917இல் எழுதி வெளியிட்டார். அவருக்குப் பின்புறக் கண்ணாடி தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தவனின் முழங்கையே போதியதாயிற்று.

அவ்வாறாயின் ஆசிரியர் தம் மேசையில் 1990க்குப் பிந்திய வடபாதையை அமைக்க வேண்டுமா? தண்டவாளமற்ற மண்மேடு, கூரையிழந்த நிலையம், சிலிப்பர் அடுக்கிய பதுங்குகுழி இவற்றை? இங்கே வாதம் முட்டுப்படுகிறது. துயரத்தைச் சிறிதாக்கும்போது அது அழகாகிவிடுகிறது. உள்ளங்கையளவான பதுங்குகுழியைக் காண்போர் முதலில் அதன் நுணுக்கத்தையே வியப்பர், அதனுள் இரவுகளைக் கழித்தோரை நினைப்பது பின்னரே. சிலர் நினைக்காமலும் போவர். பசும்புல் பாதை பொய்யென்றால், இடிபாட்டை அலங்காரமாக்குவது அதனினும் நுண்மையான பொய்யாகலாம். இவ்விரண்டுக்கும் இடையே செம்மையான வழியொன்று இருப்பதாகக் கூறுவது எளிது. காட்டுவது அரிது. ஒருவேளை சிறு விவரங்களில் அது கிடைக்கலாம்: வாயிற்கதவு இல்லாத ஒரு கடவை, அதன் அருகே சைக்கிளோடு நிற்கும் ஒருவன், அவ்வளவே.

இயந்திரத்தின் பெயரிலும் அத்தகைய விவரமொன்று உண்டு. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்களுக்கு ஒன்டாரியோ, ஆல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அந்நாளில் அப்பெயர்களைப் படித்தவர்க்கு அவை தொலைதூரத்துச் சொற்கள். பின்னர் போர் காரணமாக வடபகுதியார் பல்லாயிரவர் ஒன்டாரியோவிலேயே குடியேறினர். ஆசிரியர் தம் அதிகாரிகள் வண்டிக்கு முன்னே அவ்வியந்திரத்தைக் கோத்து, பக்கத்தில் அப்பெயரை நுண்ணெழுத்தில் எழுதுவாராயின், எப்பதுங்குகுழியும் கூறாத வரலாற்றை அது கூறும். அதைப் படிக்கத் தெரிந்தவர்க்கு மட்டும்.

எஞ்சுவது நிலையப் பலகை. வண்டி சென்று சேரும் இடத்துக்குப் பெயரிட வேண்டும். காங்கேசன்துறை என்றால் உண்மை. பருத்தித்துறை என்றால் நடவாதது, ஆயினும் பொய்யென்று சொல்ல மனம் வராதது. பலகை எதுவாயினும், பெட்டிகள் காய்ந்து, சக்கரங்கள் பொருத்தப்பட்ட பின்னரும் இரண்டு சென்ரிமீற்றர் உயரமான ஐந்து மனித உருவங்கள் வர்ணம் பூசப்படாது மேசையிற் கிடக்கும். அவற்றுள் எத்தனையைக் கண்ணாடிக்குப் பின்னே அமர்த்துவது, எத்தனையைக் கொடிகாமத்து மேடையில் மூட்டையோடு நிறுத்துவது என்பதை அவர் இனித்தான் முடிவுசெய்ய வேண்டும்.